நாலு ராணிகளும் ஒரு நாற்காலியும்

“ராணிதான். அது தெரிஞ்சுபோச்சு. இனிமே அவ சிவப்பா கறுப்பாங்கறது ஒண்ணுதான் பாக்கி.”

குளியலறைக்குள் கொக்கி இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான். கதவுக்கு வெளியே துண்டை நீட்டப் போன மனைவியின் கை அப்படியே நின்றது.

“சிவப்பா இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு,” என்றது உள்ளேயிருந்த குரல், ரொம்பத் திருப்தியாக.

“ஏங்க.”

உள்ளே அவசரமாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அதுவரை ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“யாருங்க அந்த ராணி?”

கொக்கி மூலையில் கிடந்த ஓட்டை வாளியைக் கவிழ்த்து, அதன் அடியில் சீட்டுக்கட்டைத் தள்ளினான். ஈரமான தரையில் வலது முட்டி வழுக்கியது. முதுகுத்தண்டில் பழைய வலி பளீரென்று ஒரு வெட்டு வெட்டியது. அந்த முதுகுக்காகத்தான் இத்தனை பாடும்.

தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் அவன். இரும்புக் கொக்கியைச் சாக்கில் குத்தி, ஒரே இழுப்பில் முதுகுக்கு ஏற்றிக்கொள்வான். அதனால் வந்த பட்டப்பெயர் கொக்கி. இப்போது முதுகும் அந்த வடிவத்துக்கே வந்துகொண்டிருந்தது. மருத்துவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்ச காலம் தூக்கினா, அப்புறம் உங்களைத்தான் நாலு பேர் தூக்கணும்” என்று சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, அவர் தூக்குவது பேனா.

கிடங்கில் சூப்பர்வைசர் நாற்காலி ஒன்று காலியாகியிருந்தது. மெத்தை வைத்த, சுழலுகிற நாற்காலி. அதில் உட்கார எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். மற்றதெல்லாம் கொக்கிக்குத் தண்ணி பட்ட பாடு. எடை, இருப்பு, ஈரப்பதம் எதைக் கேட்டாலும் சொல்வான். ஆனால் கடைசிப் பகுதியில் தலைமை அலுவலகம் ஒரு கணக்கு வைத்திருந்தது. நிபந்தனை நிகழ்தகவு. அதுவும் சீட்டுக்கட்டை வைத்து. தானிய மூட்டைக்கும் சீட்டுக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று போன தடவை ஒருவன் கேட்டான். இந்தத் தடவை அவனைத் தேர்வுக்கே கூப்பிடவில்லை.

கொக்கி போன தடவை அந்தக் கணக்கில்தான் மண்ணைக் கவ்வினான். ராஜா, ராணி, ஜாக்கி படம் போட்ட படச்சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. ஏனென்றால் வாழ்க்கையில் அவன் சீட்டைத் தொட்டதில்லை. தொடக் கூடாது. கல்யாணம் பேச வந்தபோது மாமனார் கேட்டது ஒன்றே ஒன்று.

“பொண்ணு இருக்கிற வீட்டு வாசப்படியைச் சீட்டு தாண்டக் கூடாது மாப்ளே. இது ஒண்ணுதான் என் நிபந்தனை.”

மாமனார் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டில் முன்பு மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்ததும், அது சீட்டாட்டத்தில் போனதும் ஊரறிந்த கதை. கெட்டுத் திருந்திய மனுஷன், தன் மகளுக்கும் அந்தக் கதி வரக் கூடாதென்று பயப்படுகிறார் என்று கொக்கி புரிந்துகொண்டு, கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அந்தச் சத்தியம்தான் இப்போது வாளிக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தது.

“ராணி யாருன்னு கேட்டேன்,” என்றாள் மனைவி, அவன் வெளியே வந்ததும்.

சீட்டு என்று சொன்னால் சத்தியம் போயிற்று. சொல்லாவிட்டால் மானம் போயிற்று. கொக்கி நடுவில் ஒரு வழியைப் பிடித்தான்.

“பூனை.”

“பூனையா?”

“கிடங்குல இருக்கிற பூனை. எலி பிடிக்க.”

“பூனைக்கு ராணின்னு பேரா?”

“ஆமா.”

“சிவப்பா கறுப்பான்னு தெரியலையா? பூனை கண்ணுக்கு முன்னாடி நிக்காதா?”

“நாலு இருக்கே. எது வரும்னு எப்படிச் சொல்றது?”

“நாலு பூனை. நாலுக்கும் ராணின்னு பேரு.”

“ரெண்டு சிவப்பு, ரெண்டு கறுப்பு,” என்றான் கொக்கி. படித்த பாடம் வாயில் வந்துவிட்டது.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிறவள் அவள். ஒரு பெட்டி கோணலாக மடிந்திருந்தால் தொடாமலே கண்டுபிடித்துவிடுவாள்.

“சரி,” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சரி சரியில்லை என்று கொக்கிக்குத் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம், முதுகில் முழு மூட்டையோடு, லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறிக்கொண்டிருந்த கொக்கி, கிடங்கு வாசலில் மனைவியைப் பார்த்தான். கையில் ஒரு கிண்ணம் பால். நேராக எடைமேடைக்குப் போனாள். அங்கே இருந்தவன் தராசு. எடை பார்க்கிறவன், கொக்கியின் கூட்டாளி. சீட்டுக்கட்டைக் கடன் கொடுத்த புண்ணியவானும் அவன்தான்.

கொக்கிக்கு ஓட வேண்டும் போலிருந்தது. பலகையில் பாதி ஏறிய மூட்டைக்காரன் திரும்பவும் முடியாது, இறக்கவும் முடியாது. காது மட்டும்தான் அங்கே போயிற்று.

“அண்ணே, இங்க பூனை இருக்கா?”

“பூனையா? காவல்காரர் நாய் வந்ததிலேர்ந்து ஒரு பூனையும் இந்தப் பக்கம் தலை வைக்கலையேம்மா.”

“அப்ப ராணி எங்க?”

தராசின் முகம் மாறியது. விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, இனி தன் தலை தப்பினால் போதும் என்று முடிவு செய்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என்கிட்ட ஒரு ராணியும் இல்ல. நாலு ராணியையும் அவன்தான் வீட்டுக்குக் கொண்டு போயிட்டான்.”

“வீட்டுக்கா?”

“சத்தியமா. ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுத்துடுடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எங்களுக்கும் வேணுமில்ல? நாலு பேர் சேர்ந்துதானே வாங்கினோம்?”

பால் கிண்ணம் எடைமேடை மேலேயே நின்றது. அவள் போய்விட்டாள். கொக்கி மூட்டையை இறக்கிவிட்டு வந்தபோது தராசு நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

“கவலைப்படாதடா. உன்னைக் காட்டிக் கொடுக்கல. சீட்டுங்கற வார்த்தையே என் வாயில வரல.”

“அதுதான்டா என் குடி முழுகிப்போச்சு!”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமனார் உட்கார்ந்திருந்தார். கடையிலிருந்து அப்படியே வந்தவர் போலிருக்கிறது. மடியில் ஒரு பெரிய ஸ்பேனர். மனைவி உள்ளே கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நாலு பெண்களைத் தேடுகிறாளா, அவர்கள் விட்டுப்போன துணிமணியைத் தேடுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

“வெளிய வாங்க மாப்ளே,” என்றார் மாமனார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஸ்பேனர் அப்படி இல்லை.

தெரு விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினார்.

“ஒண்ணா? நாலா?”

“மாமா, நான் சொல்றதைக் கேளுங்க.”

“நாலு பேரை வெச்சுக் காப்பாத்த உங்களுக்கு முதுகெலும்பு இருக்கா?”

“இல்லாததாலதான் மாமா இந்தக் கஷ்டமே!” கொக்கிக்கு அழுகை வந்துவிட்டது. “பொம்பளை இல்ல மாமா. சீட்டு. சீட்டுக்கட்டு. பரிட்சைக்குப் படிக்கக் கொண்டு வந்தேன்.”

மாமனாரின் முகம் வெளிறிப்போனது. கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

“பொம்பளையா இருந்திருந்தாக் கூடப் பேசித் தீர்த்திருக்கலாமே! சீட்டையா கொண்டு வந்தீங்க?”

“மன்னிச்சிடுங்க மாமா.”

“கட்டு இப்ப எங்க?”

“குளியலறையில. கவுத்த வாளிக்கு அடியில.”

“அவ பார்த்தாளா?”

“இன்னும் இல்ல.”

மாமனார் ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று கொக்கி நினைத்ததே இல்லை. ஆனால் இருவரும் உள்ளே நுழைந்தபோது மனைவி குளியலறை வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் கட்டு. முகம் இறுகிக் கிடந்தது. கட்டைவிரல் சீட்டுகளின் ஓரத்தை வருடிக்கொண்டிருந்தது. இவ்வளவு கோபத்தை அவளிடம் கொக்கி பார்த்ததே இல்லை.

“இதுதான் ராணியா?” என்றாள்.

“பரிட்சைக்கு. நிபந்தனை நிகழ்தகவு.”

“எந்த நிபந்தனை? எங்கப்பா போட்ட நிபந்தனையா?”

“கணக்கும்மா அது. கவுத்து வெச்ச சீட்டு என்னன்னு தெரியாது. ஆனா அதைப் பத்தி ஒரு துப்பு கிடைக்குது. அந்தத் துப்பு கிடைச்சப்புறம் வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லணும். எனக்கு அது மண்டைல ஏறல. கையில வெச்சுப் பார்த்தாத்தான் ஏறும்.”

“கொடும்மா,” மாமனார் கையை நீட்டினார். “நான் அடுப்புல போட்டுடறேன்.”

அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இருங்கப்பா. இவர் முதுகு என்ன ஆகறது? மூட்டை தூக்கியே சாகட்டுமா? பரிட்சை வரைக்கும் இருக்கட்டும். இவர் படிக்கிறாரா ஆடறாரான்னு நானே கூட உக்காந்து பாக்கறேன்.”

“நீ உக்காராதே!” மாமனாருக்கு வேர்த்துக் கொட்டியது. “நான் உக்காரறேன். கட்டை என்கிட்டக் கொடு. தினமும் நானே கொண்டு வந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போறேன்.”

கொக்கிக்கு அந்த இடத்தில் ஒன்று விளங்கியது. மனுஷனுக்குக் கை அரிக்கிறது. இத்தனை வருஷம் அடக்கி வைத்தது, கட்டைக் கண்டதும் கிளம்பிவிட்டது. பாவம், தன் பரிட்சைக்காக ஒரு பெரியவர் மறுபடியும் பாழாய்ப் போகக் கூடாது. மாமனார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறியதும் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

“கட்டு உன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும். உங்கப்பா எவ்வளவு கெஞ்சினாலும் கொடுத்துடாதே.”

“கொடுக்க மாட்டேன்,” என்றாள் அவள். உயிரைக் கேட்டிருந்தாலும் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாடானதும் பாடம். அவள் கட்டைக் கலைப்பாள். சீட்டுகள் இரண்டு கைக்கும் நடுவில் சரசரவென்று ஓடி ஒன்றாகும். அட்டை மடித்துப் பழகிய கை என்று கொக்கி பெருமைப்பட்டான். ஒரு சீட்டை உருவிக் கவிழ்த்து வைப்பாள்.

“இது ராணியா இருக்க என்ன வாய்ப்பு?”

“அம்பத்திரண்டுல நாலு. பதிமூணுல ஒண்ணு.”

“சரி. நான் எட்டிப் பாத்துட்டேன். இது படச்சீட்டுன்னு மட்டும் சொல்றேன். இப்ப?”

இங்கேதான் கொக்கி மாடு மாதிரி படுத்துக்கொள்வான்.

“பதிமூணுல ஒண்ணுதான்.”

“எப்படிங்க?”

“அதே சீட்டு அங்கேயேதானே கவுந்து கிடக்கு? நீ எட்டிப் பாத்ததால அது எழுந்து வேற சீட்டா மாறிடுமா? மூட்டைக்குள்ள என்ன தானியம்னு எனக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் கனம் ஒண்ணுதான்.”

அவள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

“குளியலறையில நீங்க ராணின்னு சொன்னதைக் கேட்டேன். சந்தேகம் வந்துச்சு. பூனைன்னீங்க. கொஞ்சம் அடங்கிச்சு. நாலு ராணியும் வீட்டுக்குப் போயாச்சுன்னு உங்க கூட்டாளி சொன்னார். அப்ப நம்ம குடும்பம் முடிஞ்சுதுன்னே நெனச்சேன். வாளியைத் தூக்கினேன், உசிரு வந்துச்சு. இத்தனையிலும் நீங்க மாறினீங்களா?”

“நான் ஏன் மாறறேன்? நான் அதே ஆளுதான்.”

“நீங்க அதே ஆளு. எனக்குத் தெரிஞ்சது மாறிச்சு. அதுக்குத் தகுந்த மாதிரி என் கணக்கும் மாறிச்சு. இதுவும் அவ்வளவுதாங்க. படம்னு சொன்னப்புறம் மத்த நாப்பது சீட்டும் வாசலுக்கு வெளிய போயாச்சு. வெளிய போனதை ஏன் எண்றீங்க? உள்ள இருக்கிற பன்னண்டை மட்டும் பாருங்க.”

கொக்கியின் மண்டைக்குள் ஏதோ ஒரு மூட்டை சரியான இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“பன்னண்டுல நாலு ராணி. மூணுல ஒண்ணு!”

“ராணின்னே சொல்லிட்டேன். சிவப்பா?”

“பாதி!”

“முதல்ல எடுத்தது ராணி. அதைத் திருப்பி வெக்கல. அடுத்ததும் ராணியா வருமா?”

“அம்பத்தொண்ணுல மூணு. பதினேழுல ஒண்ணு!”

“அதுக்குக் காத்துக்கிட்டு உக்காரறவன் உருப்பட மாட்டான்,” என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன பொறுப்பான பெண் என்று கொக்கி நினைத்தான்.

அதற்கப்புறம் அவன் விடவே இல்லை. மூட்டை தூக்கும்போது பன்னிரண்டில் நாலு, இறக்கும்போது ஐம்பத்தொன்றில் மூன்று. முதுகு கெஞ்சக் கெஞ்ச வாய் கணக்குச் சொன்னது. இந்த நாற்காலியை விட்டால் அடுத்தது சக்கர நாற்காலிதான் என்று அவனுக்குத் தெரியும். நடுவில் மாமனார் வாசலில் வந்து வந்து நின்றார். “கட்டு பத்திரமா இருக்கா மாப்ளே?” என்று கேட்டார். “உங்க கைக்கு எட்டாத இடத்துல இருக்கு மாமா” என்று கொக்கி அன்பாகவும் கண்டிப்பாகவும் திருப்பி அனுப்பினான். போகும்போது அவர் ஏதோ சொல்ல வந்து, மகள் எட்டிப் பார்த்ததும் விழுங்கிவிட்டுப் போனார்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. கிடங்கு மேலாளரின் அறையில், எடை போடாத மூட்டைகளைப் போல ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசிப் பகுதியைத் திருப்பியதும் கொக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுக்கப்பட்ட சீட்டு ராணி எனத் தெரிந்தால், அது சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?

“என்ன சிரிப்பு?” என்றார் மேலாளர்.

“தெரிஞ்சவங்கய்யா,” என்றான் கொக்கி.

மத்தியானமே முடிவு சொல்லிவிட்டார்கள். மேலாளர் நாற்காலியை அவன் பக்கம் உருட்டி விட்டார். “உக்காந்து பாருங்க.” கொக்கி உட்கார்ந்தான். முதுகு மெத்தையில் சாய்ந்தது. பல வருஷமாக வளைந்து கிடந்த ஏதோ ஒன்று மெல்ல நிமிர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றினான். யாரும் பார்க்கவில்லை என்று இன்னொரு சுற்றும் சுற்றினான். “நாளையிலேர்ந்து இது உங்களுது” என்றார் மேலாளர்.

வீட்டுக்கு அவன் நடந்து வந்தான் என்று சொல்ல முடியாது. கால் தரையில் பட்டதா என்றே சந்தேகம்.

வீட்டு வாசலில் தராசின் சைக்கிள் நின்றிருந்தது. அதன் கேரியரில் காவல்காரரின் ரேடியோ. பக்கத்தில், கிடங்கு லாரி ஓட்டுநரின் மேசை விசிறி, வயரைச் சுற்றி ஒழுங்காக வைத்திருந்தது. விசிறிக்கு மேலே ஒரு ஜோடி புதுச் செருப்பு.

கொக்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அதற்குள் சேதி பரவிவிட்டது. கூட்டாளிகள் ஆளுக்கொரு பரிசு கொண்டு வந்திருக்கிறார்கள். கிடங்குக்காரனின் மனசு இன்னொரு கிடங்குக்காரனுக்குத்தான் தெரியும்.

தராசு உள்ளேயிருந்து வெளியே வந்தான். வெறுங்காலாக இருந்தான்.

“டேய், பாஸாயிட்டேன்டா!”

“நல்லாயிரு,” என்றான் தராசு, அவன் முகத்தைப் பார்க்காமல். “நான் வரேன். வெயில் கொளுத்துது, நடக்கணும்.”

“நடக்கணுமா? உன் சைக்கிள் இருக்கேடா!”

“இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு அவன் சுடுகிற தெருவில் குதித்துக் குதித்துப் போனான்.

சைக்கிளையே கொடுத்துவிட்டானா! கொக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். வாசற்படியில் மாமனார், தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கூடத்துத் தரையில் சீட்டுகள் விரிந்து கிடப்பது தெரிந்தது. லாரி ஓட்டுநர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கொக்கிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பயந்தது நடந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தான்.

“கடைசியில தொட்டுட்டீங்களா மாமா?”

மாமனார் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அதற்குள் மனைவியின் குரல் உற்சாகமாக வந்தது.

“ஏங்க, வந்துட்டீங்களா? வேலை கிடைச்சுதா? அந்த நாற்காலி கம்பெனியோடதா, நம்ம பேருக்கே எழுதிக் கொடுத்துட்டாங்களா?”

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு ராணி எது, ராஜா எதுன்னே தெரியாது மாப்ளே. நான் அந்த நிபந்தனை போட்டது உங்களை நம்பாம இல்ல, என் பொண்ணை நம்பாமத்தான்.”